எழுதினதை வாசிச்சுக் காட்டு

பிட்மேன் ஷார்ட்ஹேண்டில் வேகம் கூடக் கூட உயிரெழுத்துகள் உதிர்ந்துவிடும். மெய்யெழுத்துகளின் கோடுகள் மட்டுமே நோட்டில் நிற்கும். மெல்லிய கோடு ‘பென்’னில் வரும் ப. அதே கோட்டைச் சற்று அழுத்திப் போட்டால் ‘பஸ்’ஸில் வரும் ப. டைப்ரைட்டர் முன்னால் உட்காரும்போது, விட்டுப்போன உயிரெழுத்துகளை முன்பின் வார்த்தைகளை வைத்து ஸ்டெனோதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘பிராசிக்யூட்’ என்றால் வழக்குத் தொடுப்பது. ‘பெர்சிக்யூட்’ என்றால் கொடுமைப்படுத்துவது. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஒரு வக்கீல் நோட்டீசில் இது மாறிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த மாதிரி ஜோடிகளுக்காகவே ஷார்ட்ஹேண்ட் புத்தகத்தில் தனிப் பாடம் உண்டு.

இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. வயது எண்பது. 1966இல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர் சர்டிஃபிகேட்டுகளோடு பம்பாய் வந்து, ஃபோர்ட்டில் முப்பத்தேழு வருடம் டிக்டேஷன் எடுத்தவர். நல்ல ஸ்டெனோவுக்கு அடையாளம் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

“வேகமா எழுதறவன் ஸ்டெனோ இல்லடா. எழுதினதை முதலாளிக்குத் திரும்ப வாசிச்சுக் காட்டறானே, அவன்தான் ஸ்டெனோ” என்றார்.

நான் இருபத்திரண்டு வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். கடந்த மூன்று வருடங்களில் என் தொழில் மாறியதுபோல அதற்கு முந்தைய பத்தொன்பது வருடங்களில் மாறவில்லை. எல்.எல்.எம். என்று சுருக்கமாகச் சொல்கிற பெரிய மொழி மாதிரிகள் இப்போது எங்களுக்காக கோட் எழுதுகின்றன. “இதை எப்படிக் கத்துக்கறது? எங்கே கோர்ஸ் இருக்கு?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், காலேஜ் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். நான் எங்கெங்கோ தேடினேன். எனக்கு நிஜமாகப் பாடம் நடந்தது திலக் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அப்பாவோடு.

ஊகம் செய்யும் இயந்திரம்

மாதிரி என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடப் பழகிய இயந்திரம் அது. இப்படி ஊகித்து ஊகித்தே கடிதம் எழுதுகிறது, கவிதை எழுதுகிறது, கோட் எழுதுகிறது. இன்றைய மாதிரிகளுக்கெல்லாம் அடித்தளமான கட்டுரை 2017இல் வந்தது. எழுதிய எட்டுப் பேரில் ஆஷிஷ் வாஸ்வானி, நிக்கி பர்மார் என்று இரண்டு இந்தியப் பெயர்கள். 2021 ஜூனில் கோட் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது கோட் எழுதுபவர்கள் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது.

ஸ்டெனோ விட்டுப்போன உயிரெழுத்தை ஊகிக்கிறார். மாதிரி அடுத்த துண்டை ஊகிக்கிறது. இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஊகம் சரியாகவே விழும். தப்பும்போதுதான் ஆபத்து. ஏனென்றால் தப்பு அழகாக இருக்கும். எழுத்துப் பிழை இருக்காது, இலக்கணப் பிழை இருக்காது, கோட் ஓடவும் ஓடும். அர்த்தம் மட்டும் வேறாக இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் எழுதும் கோடில் தப்பு இருந்தால் அது முகத்திலேயே தெரியும்: பெயர்கள் கோணலாக இருக்கும், எங்கோ தடுமாறியிருப்பான். மாதிரி தடுமாறாது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில் சொல்லும்.

மொழியையும் கணினியையும் சேர்த்து யோசிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் 1954இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் ஒரு சிறு குழு கட்டிய டிஃப்ராக் கணினி 1960இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வால்வுகள். நினைவகம் 2,048 சொற்கள். 1962இல் அதற்குப் பெயர் வைத்தவர் நேரு. அதே நரசிம்மன் பின்னாளில், மனிதர்கள் மொழியைக் கையாளும் விதத்தை மாதிரியாக்க முடியுமா என்ற ஆராய்ச்சிக்குப் போய் அதைப் பற்றி நூலும் எழுதினார். இன்று கோபைலட், கிளாட் போன்ற கருவிகளைத் திறந்துவைத்து வேலை செய்யும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாக்கி என்றால் எது?

திலக் நகரைத் தெரியாதவர்களுக்கு: செம்பூரை ஒட்டி, ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கும் ஸ்டேஷன். ஒரு பக்கம் லோகமான்ய திலக் டெர்மினஸ். கோயம்புத்தூர் வண்டியும் காரைக்கால் வண்டியும் அங்கிருந்துதான் புறப்படும். இன்னொரு பக்கம் வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய குடியிருப்புகள், நம்பர் போட்ட கட்டடங்கள். பல கட்டடங்களை இடித்து டவராக உயர்த்திவிட்டார்கள். எங்களுடையது இன்னும் பழையதுதான். முப்பத்திரண்டு வீடுகள். கொஞ்ச தூரத்தில் செட்டா நகர் முருகன் கோயில். கணபதி பண்டிகைக்கு இங்கே போடும் பந்தலைப் பார்க்க மும்பை முழுவதிலிருந்தும் கூட்டம் வரும்.

அப்பா எங்கள் சொசைட்டிக்குப் பதினெட்டு வருடமாக ட்ரெஷரர். சிவப்புத் துணி அட்டை போட்ட லெட்ஜர்கள் எங்கள் பீரோவுக்கு மேலே அடுக்கியிருக்கும். கண்ணில் புரை ஆபரேஷன் ஆனபிறகு எண்களைப் பார்த்து எழுதுவது சிரமமாகிவிட்டது. மாதாந்தர மெயின்டனன்ஸ் பில் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பழக்கம் விடுமா? அப்பா டிக்டேட் செய்தார், நான் டைப் செய்தேன். தமிழில்தான், அவர் சொன்னதைச் சொன்னபடியே மாதிரிக்குக் கொடுத்தேன். உறுப்பினர் பெயர், போன் நம்பர் எதையும் கொடுக்கவில்லை, வீட்டு எண் மட்டும்தான். இன்னொருத்தர் வீட்டு விவரத்தை அவரைக் கேட்காமல் வெளியே அனுப்ப நமக்கு உரிமை இல்லை. 2023இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனி கோடையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டு, கம்பெனி அதற்குத் தடை போட வேண்டி வந்ததை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை.

“மெயின்டனன்ஸ் மாசம் ரெண்டாயிரத்து நானூறு. இந்த ஏப்ரல்லேர்ந்து மூவாயிரம். பாக்கி இருந்தா பாக்கிக்கு வருஷத்துக்கு இருபத்தொரு பெர்சென்ட் வட்டி. எழுதிட்டியா?”

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பைதானில் இருநூறு வரி வந்து விழுந்தது. பில்லின் தலைப்பு, வீட்டு எண், கூட்டல், எல்லாம் கச்சிதம். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. நான் மட்டும் தனியாக இருந்திருந்தால் அன்றைக்கு அதோடு எழுந்து போயிருப்பேன்.

“வாசிச்சுக் காட்டு” என்றார் அப்பா.

“இது கோட்ப்பா. உங்களுக்குப் புரியாது.”

“தமிழ்ல வாசி.”

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். போன மாதப் பாக்கியை எடு. 21ஆல் பெருக்கி 1,200ஆல் வகு. வருகிற வட்டியைப் பாக்கியோடு கூட்டு. அடுத்த மாதத்துக்குப் போ.

“நில்லு. வட்டியை எதோட கூட்டறே?”

“பாக்கியோட.”

“அடுத்த மாசம் அந்தப் பாக்கிக்கு மறுபடி வட்டி போடுமா?”

போடும். நான் பதில் சொல்வதற்குள் அவரே மேஜையைத் தட்டினார். “வட்டிக்கு வட்டிடா அது! சொசைட்டில அது கிடையாது.”

மகாராஷ்டிரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி துணைவிதிகளில் இது தெளிவாக இருக்கிறது. நிலுவைக்கு வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் தனிவட்டி. வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். 10,000 ரூபாய் பாக்கி மூன்று வருடம் நின்றால் தனிவட்டி 6,300 ரூபாய். அந்த அழகான கோட் போட்டிருக்கக்கூடிய வட்டி 8,674 ரூபாய். ஓய்வூதியத்தில் குடித்தனம் நடத்தும் ஒருவரிடம் நாங்கள் 2,374 ரூபாய் அதிகமாக வாங்கியிருப்போம். பில் அச்சடித்து, சொசைட்டி முத்திரையோடு.

யார் மேல் தப்பு? இதை அன்று இரவு முழுக்க யோசித்தேன். மாதிரி படித்த உலகத்தில் கிரெடிட் கார்டு இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. அங்கெல்லாம் வட்டி குட்டி போடும். திலக் நகர் சொசைட்டியை அது எங்கே பார்த்திருக்கும்? எது வழக்கமோ அதை எழுதியது. ஆனால் முதல் இடறல் எங்கள் வார்த்தையிலேயே இருந்தது. ‘பாக்கி’ என்றார் அப்பா. பாக்கி என்றால் அசல் பாக்கியா, வட்டியும் சேர்ந்த மொத்தப் பாக்கியா? அப்பாவின் லெட்ஜரை இறக்கிப் பார்த்தேன். பதினெட்டு வருடமும் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள்: ‘அசல்’, ‘வட்டி’. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு பைசா தாண்டியதில்லை. விதி அந்தக் கோட்டில் இருந்தது. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது அவருக்குத் தெரிந்திருந்ததால் அவர் வாயில் வரவே இல்லை.

இதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைக்கிறேன். மாதிரிக்குக் கொடுக்கும் கட்டளையை, அதாவது பிராம்ப்டை, எழுதுவது என்று ஒரு பெரிய வித்தையைப் போலச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். மந்திரச் சொற்கள் எதுவும் கிடையாது. ஒரு வேலையைத் தெரிந்தவர் மனதுக்குள் சொல்லாமல் வைத்திருப்பதை வெளியே கொண்டுவந்து, இரண்டு அர்த்தம் வராத வார்த்தையில் வைப்பதுதான் அங்கே உள்ள வேலை. “அசலுக்கு மட்டும் வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது” என்று ஆறே வார்த்தை. நம் பாட்டிகள் அடகுக் கடையில் சொன்ன வார்த்தைகள். மாதிரிக்கு அது உடனே புரிந்தது.

விடையைப் பார்த்து எழுதினான்

அடுத்த ஞாயிறு இன்னொன்று நடந்தது. பழைய லெட்ஜரிலிருந்து மூன்று வீடுகளின் கணக்கை எடுத்து, புரோகிராம் போடும் தொகை அப்பா கையால் போட்ட தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுதினேன். இரண்டு வீடு பொருந்தியது. மூன்றாவது பொருந்தவில்லை. இப்போதெல்லாம் மாதிரியே கோப்பைத் திறந்து, திருத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருத்தும். இதை ஏஜென்ட் என்கிறோம். “மூன்று டெஸ்டும் பாஸ் ஆகும்படி சரிசெய்” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் மூன்றும் பச்சை.

வாசித்துக் காட்டினேன். நடுவில் புதிதாக ஒரு வரி: வீட்டு எண் 17 என்றால் இந்தத் தொகையைத் திருப்பிக் கொடு. கணக்கு எதையும் அது சரிசெய்யவில்லை. எதிர்பார்த்த விடையை அப்படியே எடுத்து எழுதிவிட்டது.

“பரீட்சைல விடையைப் பார்த்து எழுதிட்டான்” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு 17ஆம் எண்ணின் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். அந்த வீட்டுக்காரர் ஒருமுறை பாதிப் பணம் கட்டியிருக்கிறார். வருகிற பணம் முதலில் வட்டிக்குப் போகும், மிச்சம்தான் அசலுக்கு. அது எங்கள் சொசைட்டியின் வழக்கம். புரோகிராம் முதலில் அசலைக் கழித்திருந்தது. சொல்லாமல் விட்ட இன்னொரு விதி.

ஏஜென்ட் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘டெஸ்ட் பாஸ் ஆக வேண்டும்’ என்று கேட்டேன், பாஸ் ஆக்கியது. ‘ஏன் பொருந்தவில்லை என்று கண்டுபிடி, கோடைத் தொடாதே’ என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை அப்படித்தான் கேட்டேன். பாதிக் கட்டணம் வந்த மாதத்திலிருந்துதான் விலகல் தொடங்குகிறது என்று நாலு வரியில் சொன்னது. அப்பா விரலால் தடவிக் கண்ட அதே இடம். அந்த நாலு வரியைப் படித்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. இந்தக் கருவியிடம் எழுதச் சொல்வதைவிடத் தேடச் சொல்வதிலும் விளக்கச் சொல்வதிலும் லாபம் அதிகம் என்பது என் அனுபவம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிவிட்டுப் போன கோடைக் கொடுத்து, “இது என்ன செய்கிறது, எங்கே பயப்பட வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

வேகம் என்று தோன்றுவது

எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? ஆராய்ச்சிகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. 2023இல் வெளிவந்த ஒரு சோதனையில், கோபைலட் வைத்துக்கொண்டு ஒரு சிறு சர்வர் புரோகிராம் எழுதியவர்கள் இல்லாதவர்களைவிட 55.8 சதவீதம் விரைவாக முடித்தார்கள். 2025 ஜூலையில் மெட்ர் என்ற அமைப்பு வெளியிட்ட சோதனை வேறு கதை சொன்னது. அனுபவமுள்ள 16 பேர், தாங்கள் வருடக்கணக்காகக் கவனித்துவரும் திறமூல மென்பொருள்களில், 246 வேலைகள். மாதிரியின் உதவியோடு செய்தபோது 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. தொடங்கும்போது 24 சதவீதம் நேரம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் குறைந்ததாகவே நம்பினார்கள்.

இந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்கியது. கடிகாரம் ஒன்று சொல்கிறது, மனது வேறு சொல்கிறது. நான் புரிந்துகொண்ட காரணம்: எழுதும் சிரமம் உடம்புக்குத் தெரியும், வாசிக்கும் நேரம் கணக்கில் தெரியாது. சின்ன, புதிய வேலையில் வாசிக்க வேண்டியது குறைவு, அதனால் லாபம். பெரிய, பழைய வேலையில் சொல்லப்படாத விதிகள் அதிகம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு எண் 17.

வாசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நானே பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதிரி எழுதிய தொள்ளாயிரம் வரி மாற்றம் ஒன்று ரிவ்யூவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை. மேலோட்டமாகப் பார்த்து ‘சரி’ போட்டது நான்தான். தேதியைக் கணக்கிடும் இடத்தில் அது சர்வரின் உலகப் பொது நேரத்தை எடுத்திருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் நள்ளிரவு 12 மணிக்கும் விடிகாலை 5.30க்கும் நடுவில் நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் முந்தைய நாள் கணக்கில் ஏறியது. மாதம் பிறந்த அன்று முந்தைய மாதத்தில் ஏறியது. கண்டுபிடிக்க மூன்று மாதம், பிரித்துச் சரிசெய்ய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் என் குழுவில் இருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு மணி நேரம் வாசித்திருந்தால் போதும்.

இல்லாததை இருப்பதாகச் சொல்வது இன்னொரு வகை. கோட் எழுதும்போது வெளியில் கிடைக்கும் லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். மாதிரி சில சமயம் உலகத்திலேயே இல்லாத லைப்ரரியின் பெயரை நம்பிக்கையோடு எழுதும். 16 மாதிரிகளிடமிருந்து 5,76,000 கோட் துண்டுகளை வாங்கிப் பார்த்த ஆய்வாளர்கள், பரிந்துரைத்த லைப்ரரிகளில் 19.7 சதவீதம் இல்லாதவை என்று கண்டார்கள். கட்டணச் சேவையாக வரும் மாதிரிகளில் இது 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்தப் பொய்ப் பெயரிலேயே ஒரு திருடன் உண்மையான லைப்ரரியைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தால்? வாசிக்காமல் இறக்கிக்கொள்பவர் வீட்டுச் சாவியைக் கொடுத்தது போலத்தான்.

என் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாதிரி எழுதியதை யார் உள்ளே கொண்டுவருகிறாரோ அவர் இன்னொருத்தருக்கு அதை வாயால் வாசித்துக் காட்ட வேண்டும். தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ, அவரவர் மொழியில். ‘இந்த வரி ஏன்?’ என்றால் பதில் வர வேண்டும். ‘அது எழுதினது’ என்பது பதில் இல்லை. தொள்ளாயிரம் வரியை யாராலும் வாசித்துக் காட்ட முடியாது. ஆகவே தானாகவே மாற்றங்கள் சின்னதாகிவிட்டன. டெஸ்டுக்கான விடைகள் கோட் எழுதிய மாதிரியிடமிருந்து வரக் கூடாது. வேலையைத் தெரிந்த மனிதரிடமிருந்தோ பழைய பதிவேட்டிலிருந்தோ வர வேண்டும்.

116இலிருந்து 35

தமிழில் கேட்டால் சரியாக வருமா என்று பலரும் தயங்குகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தயங்கியதில் நியாயம் இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஐந்து குறியீடுகள், பதினைந்து பைட். மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் விழுங்கும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த கத்தி தமிழைப் பொடிப்பொடியாக நறுக்கியது. துண்டு கூடினால் செலவு கூடும், தாமதம் கூடும். 2024 மே மாதம் ஓபன்ஏஐ புதிய நறுக்குமுறையை அறிவித்தபோது காட்டிய உதாரணத்தில், ஒரே தமிழ்ப் பத்தி 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது. மராத்திக்கு 96இலிருந்து 33. அதே பத்தி ஆங்கிலத்தில் 24. இடைவெளி இன்னும் இருக்கிறது, ஆனால் முன்போல் பள்ளம் இல்லை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், பவாய் ஐஐடியின் பாரத்ஜென், 2025இல் சொந்த மாதிரி வெளியிட்ட ஜோஹோ என்று நம் பக்கத்து முயற்சிகளும் நடக்கின்றன.

யோசிப்பது எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே கேளுங்கள் என்பேன். அப்பா ஆங்கிலத்தில் டிக்டேட் செய்திருந்தால் ‘டியூஸ்’ என்று சொல்லியிருப்பார். ‘வட்டிக்கு வட்டி’ என்ற சொல் வந்திருக்காது.

ஏணியின் முதல் படி

காலையில் திலக் நகர் பிளாட்பாரத்தில் பன்வேல் லோக்கலுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாஷியில் இறங்கி வண்டி மாறி கன்சோலி, ஐரோலி போவார்கள். தாராவி தொண்ணூறடி சாலையிலிருந்து வந்தவர்கள் உண்டு, செம்பூர் காலேஜ்களில் படித்தவர்கள் உண்டு. அப்பா தலைமுறை டைப்ரைட்டர் வழியாக இந்த ஊரில் காலூன்றியது. அப்பா வந்து இறங்கிய அதே 1966 ஜூனில் சிவசேனா தொடங்கியது. எந்த ஆபீசில் எத்தனை தென்னிந்தியர் என்று பெயர்ப் பட்டியல் அச்சான காலம். அந்தக் காலத்தைத் தாண்ட அவர்களுக்குத் துணையாக இருந்தது கையிலிருந்த தொழில். எங்கள் தலைமுறைக்கு கோட். நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் 1987இல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார் என்பதை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் சொல்லி வளர்த்தோம்.

அந்த ஏணியின் முதல் படி இப்போது தேய்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் 2 சதவீதத்தை, குறைக்கப்போவதாகச் சொன்னது. ஏஐ காரணம் அல்ல என்றுதான் நிர்வாகம் விளக்கியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டாலும், புதியவர்களுக்கு என்று ஒதுக்கிவைத்த சின்னச் சின்ன வேலைகளை மாதிரி செய்துவிடுகிறது என்பதை எந்தக் குழுத் தலைவரும் மறுக்க மாட்டார். அந்தச் சின்ன வேலைகளில் தப்புச் செய்துதான் நாங்கள் வாசிக்கக் கற்றோம். படியில்லாமல் பிள்ளைகள் எங்கே கால் வைப்பார்கள்? இது என் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது, முதல் ஒரு வருடமாவது கையால் எழுதுங்கள். தப்பு வரட்டும், ராத்திரி இரண்டு மணி வரை தேடுங்கள். மாதிரியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ‘எழுதிக் கொடு’ என்று கேட்காமல் ‘நான் எழுதியதில் எங்கே தப்பு, சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் எங்கள் காலத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. காசில்லை என்ற கவலையும் வேண்டாம். பவாய் ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை தமிழில் நிரலாக்கப் பாடங்களையும் நூல்களையும் இலவசமாகத் தருகிறது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு இன்று கிடைக்கும் கருவி, பெரிய கம்பெனியின் கண்ணாடி அறையில் இருப்பவருக்குக் கிடைப்பதற்கு அதிகம் குறைந்ததல்ல.

எங்கள் சொசைட்டியின் முதல் அச்சடித்த பில்கள் மே மாதம் வந்தன. முப்பத்திரண்டு தாளையும் மேஜையில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு அப்பா உட்கார்ந்தார். நான் வாசிக்க வாசிக்க லெட்ஜரில் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். 23ஆம் எண் வீட்டில் பென்சில் நின்றது. ஒரு மாதப் பாக்கி, 3,000 ரூபாய். வட்டி 52 ரூபாய் 50 பைசா. லெட்ஜரில் 53 என்று முழுதாக்கியிருந்தார். பில்லில் 52.

“ஒரு ரூபா எங்கடா?”

தேடிப் பார்த்தேன். பைதானின் முழுதாக்கும் கட்டளை, சரியாக அரை வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 53.50 வந்தால் 54 ஆக்கும், 52.50 வந்தால் 52தான். பழைய லெட்ஜர் டெஸ்டுகளில் இது ஏன் சிக்கவில்லை என்றும் புரிந்தது. அப்போது மாதம் 2,400. அதற்கு வட்டி சுத்தமாக 42 ரூபாய், பைசாவே கிடையாது.

“ஒரு ரூபாய்தானேப்பா” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். லேப்டாப்பைத் திறந்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “முதல் வரிலேர்ந்து வாசி” என்றார்.